டெம்ப்ளர் பூங்காப் பாம்பு எந்தக் குடும்பம்? ஒரே ஒரு மாதிரியை வைத்து ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டலாமா?

பால்மரத்தடி (ரவாங்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் ரவாங் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கழகத்தின் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். பள்ளியைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரமாக (ரப்பர்) இருந்த நிலம் பின்னர் செம்பனையாகி, இப்போது பாதிக்குமேல் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. இருந்தாலும் எங்கள் பிள்ளைகள் விடுமுறையில் குளிக்கச் செல்லும் கஞ்சிங் அருவியும் அதையொட்டிய டெம்ப்ளர் பூங்காவும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தக் காட்டில் கிடைத்த ஒரு சிறு பாம்பை வைத்துத்தான் ஸெனோஃபிடியான் ஷேஃபெரி என்ற சிற்றினம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது என்பதை அண்மையில் படித்தேன். ஆண்டுதோறும் யானையையும் புலியையும் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் நாங்கள், இம்முறை அறிவியல் வாரத்தின் காட்சிப் பலகையை நம் ஊர்ப் பக்கத்துப் பாம்புக்கே ஒதுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. நான் பார்த்த ஒரு பழைய கட்டுரை இதைச் சாரைப்பாம்பு போன்ற பெரும்பாலான பாம்புகள் அடங்கும் கொலுப்ரிடே குடும்பத்தில் வைக்கிறது. இன்னொன்று இதற்கென்றே ஸெனோஃபிடியிடே என்று தனிக் குடும்பம் இருப்பதாகச் சொல்கிறது. மூன்றாவது ஒன்றோ, இதன் நெருங்கிய உறவு மொரிசியஸ் தீவுப் பக்கத்தில் உள்ள பாம்புகள்தான் என்கிறது. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் படிக்கப்போகும் பலகையில் நான் எதை எழுதுவது? ஒரே விலங்குக்கு மூன்று முகவரி இருக்க முடியுமா?

இரண்டாவது ஐயம், என்னுடைய மாணவி ஒருத்தி எழுப்பியது. நீண்ட காலமாக ஒரே ஒரு பாம்பு மட்டுமே கிடைத்திருந்தது என்றால், அது ஒரு தனி இனம் என்று எப்படி உறுதியாகச் சொன்னார்கள், அது வேறொரு பாம்பின் குறைப்பிறவியாக ஏன் இருக்கக்கூடாது என்று அவள் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமானதாகவே பட்டது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


செதில் (தைப்பிங்) பதிலளித்தது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் பார்த்த மூன்று தகவல்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அவை மூன்று வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்டவை, அல்லது மூன்று வெவ்வேறு காலத்து ஆய்வுகளை நம்பி எழுதப்பட்டவை. வரிசையாகச் சொன்னால் குழப்பம் தீரும்.

1995இல் ரைனர் குந்தர், உல்ரிச் மந்தே என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஸெனோஃபிடியான் என்ற புதிய பேரினத்தையும் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) அதில் இரண்டு சிற்றினங்களையும் ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். ஒன்று உங்கள் பக்கத்து ஷேஃபெரி. மற்றொன்று போர்னியோவைச் சேர்ந்த அகாந்தோக்னாதஸ். அவர்கள் அந்தப் பேரினத்தை அப்போது கொலுப்ரிடே குடும்பத்தில் வைத்தார்கள். அக்காலத்தில் அந்தக் குடும்பம், விரியன்களுக்கும் நாகங்களுக்கும் மலைப்பாம்புகளுக்கும் உரிய தனி அடையாளங்கள் இல்லாத பாம்புகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட இடமாக இருந்தது என்பதை நினைவில் வைத்தால், அந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு 1998இல் வான் வாலக் என்ற உடற்கூற்றியலாளரும் அதே குந்தரும் சேர்ந்து இதன் உள்ளுறுப்புகளின் அமைப்பை ஆராய்ந்து, மற்றப் பாம்புக் குடும்பங்களோடு ஒப்பிட்டு, இது எந்தக் குடும்பத்திலும் பொருந்தவில்லை என்று கண்டு, ஸெனோஃபிடியிடே என்ற புதிய குடும்பத்தை நிறுவினார்கள். முதலில் கொலுப்ரிடேயில் வைத்தவரே மூன்று ஆண்டுகளில் அதை அங்கிருந்து எடுத்தார் என்பது கவனிக்க வேண்டியது.

மூன்றாவது கட்டம் 2004இல் வந்தது. லாசன், ஸ்லோவின்ஸ்கி, பர்பிரிங்க் ஆகிய மூவரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி என்ற மரபணுவைக் கொண்டு ஷேஃபெரியின் இடத்தைத் தேடினார்கள். விடை எவரும் எதிர்பாராத திசையில் வந்தது: மொரிசியஸுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு தீவின் பாம்புகள், அதாவது போலியெரியிடே குடும்பம், இதற்கு மிக நெருங்கிய உறவாக வெளிப்பட்டது. (அந்தக் கட்டுரை வெளிவந்தபோது ஸ்லோவின்ஸ்கி உயிரோடு இல்லை. 2001 செப்டம்பரில் மியன்மாரில் களப்பணியில் இருந்தபோது ஒரு கட்டுவிரியன் குட்டி கடித்து இறந்துபோனார். பாம்பின் பெயர்களைப் பற்றிப் பேசும்போது இந்த மனிதரையும் உங்கள் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம்.)

ஆகவே பலகையில் எழுத வேண்டியது இதுதான்: குடும்பம் ஸெனோஃபிடியிடே, அதன் உடன்பிறப்புக் குழு போலியெரியிடே. உடன்பிறப்புக் குழு என்றால், நம் பாம்பு மொரிசியஸிலிருந்து வந்தது என்றோ அந்தப் பாம்பு இங்கிருந்து போனது என்றோ பொருள் இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதைக் கூட்டம் இருந்தது, மற்றப் பாம்புகள் எவையும் அந்தக் கூட்டத்தின் வழியில் வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மொரிசியஸ் தீவு எரிமலையால் உருவாகி ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இவ்விரு பாம்புக் குடும்பங்களும் பிரிந்ததோ அதைவிடப் பல மடங்கு பழைய நிகழ்வு. எனவே அந்தப் பிரிவு நடந்தபோது அத்தீவே கடலுக்குமேல் இல்லை. நம் முன்னோர் கரும்புக்காக மொரிசியஸுக்கும் பால்மரத்துக்காக மலாயாவுக்கும் கப்பலேறிய கதை பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும் என்பதால், பாம்பும் அப்படித்தான் போயிருக்கும் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடும். அதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்.

இரண்டு உடன்பிறப்புக் குழுக்களை இரண்டு குடும்பங்களாக வைப்பதா, ஒரே குடும்பத்தின் இரண்டு பிரிவுகளாக வைப்பதா என்பதை எந்த மரபணுவும் சொல்லாது. யார் யாருக்கு உறவு என்பது கண்டுபிடிப்பு. அந்த உறவுக்கு எந்தப் படிநிலையைக் கொடுப்பது என்பது அறிஞர்களின் உடன்பாடு. இந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் சரியாக விளக்குவதில்லை என்பது என் நெடுநாளைய குறை.

குடும்பம் இத்தனை முறை மாறியும் ஷேஃபெரி என்ற பெயர் அசையாமல் இருப்பதையும் உங்கள் மாணவர்களுக்குக் காட்டுங்கள். விலங்குகளின் அறிவியல் பெயர், அந்த விலங்கு எங்கே சேரும் என்ற கருத்தோடு கட்டப்பட்டதன்று. ஓர் அருங்காட்சியகத்தில் எண்ணிட்டுக் காக்கப்படும் ஒரு குறிப்பிட்ட உடலோடு கட்டப்பட்டது. அதை மூலமாதிரி என்பார்கள். நாளைக்கு இதை வேறொரு குடும்பத்துக்குக் கொண்டுபோனாலும் அந்த உடலும் அதன் பெயரும் சேர்ந்தே போகும். தோட்டத்தில் பூந்தொட்டி மண்ணைக் கொட்டும்போது மண்புழு போல நெளிந்தோடும் கரிய புழுப்பாம்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு 1803இல் டோடன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் எரிக்ஸ் பிராமினஸ் என்று பெயரிட்டார். அதன் பின்னர் அது டிஃப்லாப்ஸ் ஆனது, ராம்ஃபோடிஃப்லாப்ஸ் ஆனது, 2014இல் இண்டோடிஃப்லாப்ஸ் ஆனது. பேரினம் இத்தனை முறை மாறியும் பிராமினஸ் என்ற பின்பகுதி இருநூறு ஆண்டுகளைத் தாண்டி அப்படியே நிற்கிறது.


பழைய கிராணி (புக்கிட் ரோத்தான்) எழுதியது:

செதில் அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த மாணவி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நினைக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக வேலை செய்த காலத்தில் மண்டோர்களும் வெட்டுமரக்காரர்களும் அடித்துக் கொண்டுவந்து போடும் பாம்புகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரே வகைப் பாம்பு என்று நாங்கள் நினைத்ததிலேயே நிறம் மாறியவை, தலைச்செதில் ஒட்டிப்போனவை, வால் குட்டையானவை எல்லாம் உண்டு. பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக்கோயிலில் மஞ்சளும் கறுப்புமாகப் பருத்துக் கிடக்கும் பெண்பாம்பையும், பச்சையாக ஒல்லியாக இருக்கும் அதன் ஆண்பாம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே இனம் என்று யார் நம்புவார்கள்? அப்படியிருக்க, ஒரே ஓர் உடலை வைத்து ஓர் இனத்தை அறிவிப்பது ஒரு குடித்தனத்தை மட்டும் பார்த்துவிட்டு முழு லயத்தின் கணக்கையும் எழுதுவது போலல்லவா ஆகிறது?

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். ராஜநாகம் ஒரே இனம் என்றுதான் காலங்காலமாகச் சொன்னார்கள். 2024இல் அது நான்கு இனம் என்று செய்தி வந்தது. பாம்பு மாறவில்லை, காடு மாறவில்லை, பெயர் மட்டும் மாறுகிறது. பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?


மலைச்சாரல் (தஞ்சோங் மாலிம்) பதிலளித்தது:

ஐயாவின் ஐயம் வகைப்பாட்டியலாளர்களுக்கும் உள்ள ஐயந்தான். ஓர் உடலை மட்டும் வைத்துப் பெயரிடும் ஒவ்வொரு கட்டுரையும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டே தீர வேண்டும். ஆனால் அதற்கு விடை சொல்லும் முன் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பெயர் சூட்டுவது. மற்றொன்று, அந்த இனத்தின் எல்லைகளை அறிவது. முதல் வேலைக்கு ஒரு மாதிரி போதும், விதிமுறையும் அதைத்தான் கேட்கிறது. இரண்டாவது வேலைக்கு ஒரு மாதிரி ஒருபோதும் போதாது. ஆணும் பெண்ணும் எப்படி வேறுபடும், குட்டிக்கு என்ன நிறம், செதில் வரிசை எவ்வளவு ஏறி இறங்கும் என்பதையெல்லாம் ஒரே உடல் சொல்லாது. ஷேஃபெரியைப் பொறுத்தவரை முதல் வேலை 1995இலேயே முடிந்தது, இரண்டாவது வேலை அண்மையில்தான் தொடங்கியிருக்கிறது.

குறைப்பிறவியாக இருக்கக்கூடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். தலைச்செதில்கள் இரண்டு ஒட்டிப்போவது, நிறம் குன்றுவது, வரிசை ஒன்று கூடுவது குறைவது ஆகியவை தனி உடலில் நேரக்கூடிய பிழைகள்; அவற்றை மட்டும் வைத்து இனத்தை அறிவித்திருந்தால் ஐயாவின் பக்கம் நானும் நின்றிருப்பேன். ஸெனோஃபிடியானின் நிலை வேறு. தாடை எலும்பில் முள் போன்ற நீட்சி இருப்பதால்தான் ஆங்கிலத்தில் இவற்றை முள் தாடைப் பாம்புகள் என்கிறார்கள். அதே எலும்பமைப்பு கடலுக்கு அப்பால் போர்னியோவில் கிடைத்த உடலிலும் இருந்தது. தென்சீனக் கடலின் இரு கரைகளிலும் ஒரே குறை ஒரே விதமாகத் தோன்றியது என்று சொல்வதைவிட, இரண்டும் ஒரு பேரினத்தின் உறுப்புகள் என்று சொல்வதுதான் எளிது. அதற்குமேல் உள்ளுறுப்புகளும் மரபணுவும் தனித்தனி வழியில் அதே முடிவுக்கு வந்தன. வேறொரு பாம்பின் குறைப்பிறவியாக இருந்தால் அதன் மரபணு அந்தப் பாம்போடு போய்ச் சேர்ந்திருக்குமே தவிர, இந்தியப் பெருங்கடலின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பாம்பைத் தேடிப் போயிருக்காது. உங்கள் மாணவிக்கு இந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சான்றும் வந்துவிட்டது. 2018இல் மலேசிய ஆய்வாளர்களும் அயல்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, தீபகற்ப மலேசியாவில் ஷேஃபெரி மறுபடியும் கண்டறியப்பட்டதை அதன் உடல் வேறுபாடுகளோடு விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமத்ராவில் இந்தப் பேரினம் இருப்பதற்கான முதல் பதிவும் அதே கட்டுரையில்தான் வந்தது. எனவே "உலகில் ஒரே ஒரு பாம்புதான் கிடைத்திருக்கிறது" என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். இணையத்தில் இன்றும் பல பக்கங்கள் அந்தப் பழைய செய்தியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஐயா குறிப்பிட்ட கோயில் பாம்பு அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்க்கும் எடுத்துக்காட்டுத்தான், அதை மறுக்க மாட்டேன். ட்ரோபிடோலேமஸ் வாக்லெரி என்று இன்று நாம் சொல்லும் அந்தப் பாம்பின் பெயருக்குள் போர்னியோ, சுலாவெசி, பிலிப்பீன்ஸ் வரை உள்ள வெவ்வேறு கூட்டங்களை நெடுங்காலம் அடைத்து வைத்திருந்தார்கள். 2007இல்தான் அதைப் பிரித்து, போர்னியோவில் உள்ளதற்கு சப்அன்னுலாட்டஸ் என்ற பழைய பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனம் என்று எண்ணும் பிழையும், வெவ்வேறு இனங்களை ஒன்றென்று எண்ணும் பிழையும் ஆகிய இரண்டுக்கும் ஒரே பாம்பில் வாய்ப்பு இருந்தது. மாதிரிகள் மிகுந்திருந்தால் மட்டும் தெளிவு வந்துவிடாது என்பதற்கும் இதுவே சான்று. கோயிலில் அவை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்முன்னே கிடந்தன.

ராஜநாகத்துக்கு வருவோம். 2024 கட்டுரை நான்கு இனங்களை ஏற்றது என்பது சரி. ஆனால் நான்குக்கும் புதுப்பெயர் வைக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளதற்குக் காளிங்கா என்றும், பிலிப்பீன்ஸின் லூசோன் தீவில் உள்ளதற்கு சால்வத்தானா என்றும் இரண்டு பெயர்கள்தான் புதியவை. 1836இல் கேன்டர் வங்காளப் பகுதியிலிருந்து விவரித்த ஹன்னா என்ற பெயர் வடக்குக் கூட்டத்தோடு நின்றுவிட்டது. நம் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவற்றின் ராஜநாகத்துக்கு 1837இல் ஷ்லேகல் கொடுத்த பங்காரஸ் என்ற பெயர் திரும்ப வந்தது. ஹன்னா ஓராண்டு முந்தியது என்பதால் பங்காரஸ் அத்தனை காலமும் வெறும் மறுபெயராக ஒதுக்கப்பட்டிருந்தது. வடக்குக் கூட்டமும் நம் பகுதியின் கூட்டமும் வெவ்வேறு இனம் என்று ஆனதும், இந்தப் பகுதிக்கு முதலில் சூட்டப்பட்ட பெயர் எதுவோ அதுதான் செல்லும் என்ற முந்துரிமை விதி அதை மறுபடியும் எழுப்பிவிட்டது. விலங்குப் பெயர்களுக்கு இந்தக் கணக்கு 1758இல் லின்னேயஸிலிருந்து தொடங்குகிறது. பெயர் மாறியது பாம்பு மாறியதால் அல்ல என்று ஐயா சொல்வது உண்மை. நமக்குத் தெரிந்தது கூடியதால் மாறியது.

பேரினப் பெயரிலும் இப்படி ஒரு கதை உண்டு. கேன்டர் ராஜநாகத்துக்கு முதலில் வைத்த பேரினப் பெயர் ஹமாட்ரையாஸ். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு பட்டாம்பூச்சிக்குச் சூட்டப்பட்டிருந்ததால் செல்லாமல் போனது. 1864இல் ஆல்பர்ட் குந்தர் ஓஃபியோஃபேகஸ் என்ற பெயரைத் தந்தார். (இவர் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்தவர், ஷேஃபெரிக்குப் பெயரிட்ட ரைனர் குந்தர் வேறு. பலகையில் வெறுமனே குந்தர் என்று எழுதினால் குழப்பம் வரும்.) அதே விபத்து நம் காட்டின் இன்னோர் அரிய பாம்புக்கும் நேர்ந்தது. 1890இல் சுமத்ராவிலிருந்து அனோமலோகைலஸ் என்று ஒரு பேரினத்தை அறிவித்தார்கள். அந்தப் பெயரும் வேறொரு விலங்குக்கு முன்பே போயிருந்தது என்று தெரிந்ததும், 1901இல் பெர்க் என்பவர் அதில் ஓர் அசையைக் குறைத்து அனோமோகைலஸ் ஆக்கினார். 1940இல் மால்கம் ஸ்மித் மலாயத் தீபகற்பத்திலிருந்து அதில் லியோனார்டி என்ற இனத்தைச் சேர்த்தார். 2008இல் கினபாலுவிலிருந்து மோன்டிகோலா வந்தது. இந்தப் பேரினத்துக்கும் தனிக் குடும்பம் வைத்திருந்தார்கள். ஆனால் 2005இல் வந்த மரபணு ஆய்வு, இது சிலிண்ட்ரோஃபிஸ் என்ற உருளைப் பாம்புகளின் கூட்டத்துக்கு உள்ளேயே விழுவதாகக் காட்டியது. ஸெனோஃபிடியானின் தனிக் குடும்பத்தை மரபணு ஆய்வு அசைக்கவில்லை. அனோமோகைலஸுக்கோ அதே வகை ஆய்வு தனிக் குடும்பத்தை ஆட்டம் காணச் செய்தது. இரண்டும் மண்ணிலும் சருகிலும் ஒளிந்து வாழும் சிறு பாம்புகள், இரண்டும் கைக்குக் கிடைப்பது மிக அரிது. மாணவர்களுக்குக் கொஞ்சம் கடினந்தான், ஆனால் உயர்நிலைப் பள்ளி மாணவர் எவராவது பார்க்க வந்தால் இந்த ஒப்பீட்டைச் சொல்லுங்கள்.


பால்மரத்தடி (ரவாங்) எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியமைக்கு மிக்க நன்றி. "மரபணு அந்தப் பாம்போடு போய்ச் சேர்ந்திருக்கும்" என்ற வாக்கியத்தை என் மாணவியிடம் வாசித்துக் காட்டினேன். உடனே, அப்படியானால் மொரிசியஸ் பாம்பு இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். அதையும் சொல்லிவிடுங்கள்.

எனக்கும் இரண்டு சிறு ஐயங்கள் உள்ளன. பலகையில் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது எந்த முறையைப் பின்பற்றுவது? "முள் தாடைப் பாம்பு" என்று தமிழ்ப்பெயர் கொடுத்துவிடலாமா? அத்துடன், தலைமையாசிரியர் பலகையின் அடியில் "நம் தோட்டத்தில் வாழும் அரிய பாம்பு" என்று எழுதச் சொல்கிறார். அது சரியாக இருக்குமா?


நீர்க்கரை (கோலசிலாங்கூர்) எழுதியது:

தமிழ்ப்பெயர் குறித்து மட்டும் ஒரு சொல். பொதுப்பெயருக்கு அனைத்துலக விதி எதுவும் இல்லை, எனவே தடுப்பார் யாரும் இல்லை. ஆனால் தோட்டத்து மக்கள் எவரும் பார்த்திராத, பேசியிராத ஒரு விலங்குக்கு நாமே ஒரு பெயரைச் செய்து, அது காலங்காலமாக வழங்கிவரும் பெயர்போலப் பலகையில் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, அக்கா. நாளைக்கு ஒரு பிள்ளை தேர்வில் அதையே எழுதினால் திருத்துபவருக்குப் புரியாது. அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி, தாடை எலும்பில் முள் போன்ற நீட்சி உடையது என்று அடுத்த வரியில் விளக்கிவிட்டால் போதும்.


செதில் (தைப்பிங்) பதிலளித்தது:

நீர்க்கரை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வழக்கில் உள்ள பெயர் என்று காட்டக்கூடாது. "தமிழில் இப்படி அழைக்கலாம்" என்று எழுதினால் தவறில்லை. எல்லாப் பெயர்களும் யாரோ ஒருவர் முதலில் சொன்னவைதாமே. ஆனால் பெரிய எழுத்தில் தலைப்பாக வர வேண்டியது ஸெனோஃபிடியான் ஷேஃபெரி என்பதுதான். அதன் பின் "குந்தர், மந்தே, 1995" என்று எழுதுங்கள், அடைப்புக்குறி வேண்டாம். பெயரிட்டவர்கள் முதலில் வைத்த அதே பேரினத்தில் இனம் இன்றும் இருந்தால் அடைப்புக்குறி இல்லை. வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் மட்டும் அவர்கள் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும். புழுப்பாம்புக்குப் பக்கத்தில் டோடன் பெயர் எப்போதும் அடைப்புக்குறிக்குள் இருப்பது அதனால்தான். ஷேஃபெரி என்பது ஷேஃபர் என்ற மனிதரின் பெயருக்கு இலத்தீன் உடைமை உருபு சேர்த்து அமைத்தது. பூங்காவின் பெயரும் ஒரு மனிதருடையதே: மலாயாவின் அவசரகாலத்தில் 1952 முதல் 1954 வரை பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த ஜெரால்ட் டெம்ப்ளர். அவருடைய காலத்தைப் பற்றித் தோட்டத்து மூத்தவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்; அது வேறு பலகைக்கு உரியது.

மாணவியின் கேள்விக்கு விடை பாதி மகிழ்ச்சியானது. போலியெரியிடேயில் இரண்டு இனங்கள்தான் இருந்தன. போலியெரியா மல்டோகாரினாட்டா கடைசியாக 1975இல் காணப்பட்டது. அது அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. கசாரியா டுசுமியெரி இன்னும் வாழ்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரவுண்ட் ஐலண்டில் விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் அத்தீவின் செடிகொடிகளை மேய்ந்து, மண்ணைக் கடலுக்கு அரித்துப் போகச் செய்ததுதான் சீரழிவின் வேர். 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் முற்றாக அகற்றிய பின்னர்தான் காடு மீளத் தொடங்கியது. கசாரியாவின் மேல்தாடை எலும்பு நடுவில் இரண்டாகப் பிரிந்து கீல்போல மடங்கும். உயிரோடுள்ள வேறு எந்தப் பாம்புக் குடும்பத்திலும் இந்த அமைப்பு இல்லை. தாடை படத்தை ஒரு மூலையில் வரைந்து ஒட்டினால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

தலைமையாசிரியரின் வரியை மட்டும் தயவுசெய்து ஏற்க வேண்டாம். மூலமாதிரி கிடைத்தது பூங்காவின் மழைக்காட்டில். செம்பனைக்குள் இந்தப் பாம்பு வாழ்கிறது என்பதற்குச் சான்று இல்லை. "நம் பள்ளிக்கு அருகிலுள்ள காட்டிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான பாம்பு" என்று எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும், தோட்டத்துக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பேச வழியும் கிடைக்கும்.

இன்னொன்று, பலகையைப் பார்த்தவுடன் பையன்கள் அருவிப் பக்கம் கட்டையைப் புரட்டிப் பாம்பு தேடப் போவார்கள். அதே சருகுக்கடியில்தான் தலையும் வாலும் சிவந்து, முதுகு கருநீலமாக இருக்கும் நச்சுப் பவளப்பாம்பும் கிடக்கும். அதைப் போலவே தலை சிவந்த நஞ்சற்ற சிறு பாம்பு ஒன்றும் அங்கேயே உண்டு, பிள்ளைகளால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எனவே பலகையின் ஓரத்தில், பாம்பைக் கண்டால் தொடாமல், அடிக்காமல், தள்ளி நின்று பெரியவர் ஒருவர் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து வனவிலங்குத் துறைக்கு அனுப்பலாம் என்றும், வீட்டுக்குள் வந்துவிட்டால் பொம்பாவை (தீயணைப்புத் துறையை) அழைக்க வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். படத்தில் தலையின் மேற்புறமும் பக்கவாட்டும் தெளிவாகத் தெரிந்தால், செதில்களைப் பார்த்துப் பேரினம் வரைக்குமாவது சொல்லிவிட முடியும்.